சத்தமில்லாமல் வரும் நோய்
கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் உடலின் செய்தி மூலக்கூறுகளும்

(காரியாபட்டியில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டம் ஒன்றில் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியர், கணித ஆசிரியர், உடற்கல்வி ஆசிரியர், தொடக்கப் பள்ளி ஆசிரியர் என்று எல்லாரும் இருக்கும் கூட்டத்தில் நோய்த்தடைகாப்பியல் பேச வந்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் புற்றுநோய் பற்றி ஒரு பகுதி வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் நோய்த்தடைகாப்பியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. அவற்றை நடத்துகிறவர்களுக்கு மட்டும் உரிய செய்தி என்றால் இந்த மேடையில் பேச வேண்டியதில்லை. இது நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகளையும், அவர்களுடைய அம்மாக்களையும், இந்த அறையில் இருக்கும் ஆசிரியைகளையும், ஆண் ஆசிரியர்களின் வீட்டுப் பெண்களையும் தொடும் செய்தி.

முதலில் ஒரு கணக்கு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஓராண்டில் மட்டும் 1.27 லட்சம் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தது. ஏறத்தாழ 80 ஆயிரம் பெண்கள் அதனால் இறந்தார்கள். வகுத்துப் பார்த்தால், நாம் 45 நிமிடப் பாடவேளை ஒன்றை முடித்துவிட்டு வெளியே வருவதற்குள் நாட்டில் ஆறேழு பெண்கள் இந்த நோய்க்குப் பலியாகிறார்கள். இத்தனைக்கும், புற்றுநோய்களிலேயே காரணம் தெளிவாகத் தெரிந்த, தடுப்பூசி உள்ள, வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கண்டுபிடிக்கக்கூடிய நோய் இதுதான்.

பிறகு ஏன் இத்தனை சாவு? வசதிக் குறைவு ஒரு காரணம். கூச்சம் இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் உடலுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

நம் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலையில் விபத்து என்றால் சத்தம் கேட்கும். கேட்டதும் ஊரே ஓடும். ஆபத்து என்றால் சத்தம் வரும் என்று பழகிப்போனவர்கள் நாம். உடம்பைப் பற்றியும் அப்படித்தான் நினைக்கிறோம். காய்ச்சல் அடித்தால், வலித்தால், வீங்கினால்தான் நோய். இந்த நோய் அந்தச் சத்தம் எதையும் எழுப்பாமல் வருகிறது. அது எப்படி என்று புரிந்துவிட்டால், மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்வது எளிது.

உடல் எப்படிச் செய்தி அனுப்புகிறது?

நம் உடலில் கோடானுகோடி செல்கள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று பேசுவதற்குச் சிறு புரதங்களைப் பயன்படுத்துகின்றன. நோய்த்தடைகாப்புச் செல்கள் பயன்படுத்தும் இந்தச் செய்திப் புரதங்களுக்குச் சைட்டோகைன்கள் என்று பெயர். இன்டர்ஃபெரான், இன்டர்லூகின், டி.என்.எஃப். ஆகியவை எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

இவற்றில் இன்டர்ஃபெரானின் கதை பிள்ளைகளுக்குச் சொல்ல ஏற்றது. 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜான் லின்டன்மன் என்ற இரு அறிவியலாளர்கள், கோழிக்கரு முட்டையின் சவ்வுகளை வைத்து ஆய்வு செய்தார்கள். செயலிழக்கச் செய்த வைரஸோடு சேர்த்து வைத்த சவ்வுகள் ஏதோ ஒரு பொருளைச் சுரந்தன. அந்தப் பொருள் பட்ட புதிய செல்களில் வைரஸ் பெருக முடியவில்லை. வைரஸின் பெருக்கத்தில் குறுக்கிடுவதால் அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். வைரஸ் நுழைந்த செல், "என் வீட்டுக்குள் ஆள் புகுந்துவிட்டான், கதவைச் சாத்துங்கள்" என்று பக்கத்து வீடுகளுக்குச் சொல்லும் செய்தி அது.

ஊருக்குள் திருடன் வந்தால் முதலில் ஒரு நாய் குரைக்கும். அதைக் கேட்டு அடுத்த தெரு நாய் குரைக்கும். பிறகு ஆட்கள் எழுந்து வருவார்கள். உடலிலும் அதே வரிசைதான். தோலிலும் உட்புறச் சவ்வுகளிலும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் என்ற காவல் செல்கள் இருக்கின்றன. இன்டர்ஃபெரான் போன்ற செய்திகள் கிடைத்ததும் அவை நுழைந்த வைரஸின் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்திலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் போகின்றன. அங்கே டி-செல்களிடம் அதைக் காட்டுகின்றன. இன்டர்லூகின்-12 என்ற செய்தி, டி-உதவி செல்களைச் சண்டைக்குத் தயார் செய்கிறது. அவை இன்டர்லூகின்-2, காமா இன்டர்ஃபெரான் ஆகியவற்றைச் சுரக்க, கொல்லும் டி-செல்கள் பெருகி, வைரஸ் புகுந்த செல்களைத் தேடி அழிக்கின்றன.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நமக்குக் காய்ச்சல் வருவதற்குப் பெரும்பாலும் கிருமி நேரடிக் காரணம் இல்லை. இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். ஆகிய செய்திகள் மூளையின் ஹைப்போதலாமஸுக்குப் போய் உடல் வெப்பத்தை உயர்த்தச் சொல்கின்றன. உடம்பு வலி, அசதி, பசியின்மை ஆகியவற்றிலும் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. நோய் என்று நாம் உணர்வதில் பெரும்பகுதி இந்தச் செய்திகளின் சத்தம். செய்தி போகாவிட்டால் காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை.

குரைக்காத நாய்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் காரணம் மனித பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் சுர் ஹவுசன் இதன் 16ஆம் வகையை 1983இலும் 18ஆம் வகையை அடுத்த ஆண்டிலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக் கட்டிகளில் கண்டறிந்தார். அதற்காக 2008இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார். இந்த இரண்டு வகைகள் மட்டுமே உலகில் பத்தில் ஏழு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களுக்குக் காரணம்.

இந்த வைரஸ் பாலுறவு வழியாகப் பரவுகிறது. இதைச் சொல்லும்போதே ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். திருமண வாழ்க்கைக்குள் வந்த பெரும்பாலான ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாழ்நாளில் ஒரு முறையாவது இது வந்து போகிறது. கணவன் ஒருவனை மட்டுமே அறிந்த பெண்ணுக்கும் வரும். ஆகவே இதை ஒரு பெண்ணின் ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது அறிவியலும் இல்லை, நியாயமும் இல்லை. அந்த முடிச்சுக்குப் பயந்துதான் பல பெண்கள் பரிசோதனைக்கே போகாமல் இருக்கிறார்கள்.

இந்த வைரஸின் சாமர்த்தியம் என்ன? சளிக்காய்ச்சல் வைரஸ் புகுந்தால் செல்கள் சேதமாகிச் சாகின்றன. அந்தச் சேதமே ஓர் எச்சரிக்கை. எச்.பி.வி. எதையும் உடைப்பதில்லை. கர்ப்பப்பை வாயின் மேற்படலத்தில் ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் வழியாக அடி அடுக்குச் செல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்தச் செல் இயல்பாகப் பிரிந்து மேலே மேலே வந்து, கடைசியில் உதிரும். உதிரும் செல்லோடு புதிய வைரஸ்களும் வெளியே போய்விடும். அது இரத்தத்தில் கலந்து சுற்றுவதும் இல்லை. எனவே உள்ளே இருக்கும் காவல் செல்களுக்குத் தகவலே போவதில்லை.

அதோடு நிற்கவில்லை. வைரஸின் ஈ-6, ஈ-7 என்ற இரண்டு புரதங்கள் இன்டர்ஃபெரானைச் சுரக்கச் சொல்லும் கட்டளைப் பாதையில் குறுக்கே நிற்கின்றன. காவல் செல்களை அந்த இடத்துக்கு அழைக்கும் செய்தியையும் குறைத்துவிடுகின்றன. ஈ-5 என்ற இன்னொரு புரதம், செல்லுக்குள் புகுந்த வைரஸின் துண்டை வெளியே காட்டும் 'அடையாளப் பலகை'யை மேற்பரப்புக்கு வரவிடாமல் பிடித்துவைக்கிறது. நாய் தூங்கவில்லை. அதன் வாயைக் கட்டிவிட்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நம் உடல் தோற்றுவிடுவதில்லை. தாமதமானாலும் கண்டுபிடித்துவிடுகிறது. பத்தில் ஒன்பது தொற்றுகள் ஒன்றிரண்டு ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடுகின்றன. எச்.பி.வி. இருக்கிறது என்று ஒரு பெண்ணுக்குச் சோதனையில் தெரிந்தால், அது புற்றுநோய் என்று பொருள் இல்லை. தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பதுதான் பொருள். பயமுறுத்தாமல் இதைச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செய்தியே மாறிவிட்டால்

மீதி பத்தில் ஒரு பங்கில்தான் சிக்கல். அங்கே வைரஸ் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. ஈ-6 புரதம், கெட்டுப்போன செல்லைத் தற்கொலை செய்யவைக்கும் பி-53 என்ற காவல் புரதத்தை அழிக்கிறது. ஈ-7, செல் பிரிதலுக்குக் கடிவாளமாக இருக்கும் ஆர்.பி. புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது. பிழைகள் சேரச் சேர, செல்கள் இயல்பு மாறத் தொடங்குகின்றன.

இந்தக் கட்டத்தில் செய்திகளின் தன்மையும் மாறிவிடுகிறது. சண்டையைத் தூண்டும் காமா இன்டர்ஃபெரான், இன்டர்லூகின்-2 போன்றவை குறைந்து, சண்டையை நிறுத்தச் சொல்லும் இன்டர்லூகின்-10, டி.ஜி.எஃப்.-பீட்டா ஆகியவை கூடுகின்றன. இவை தீய செய்திகள் இல்லை. புண் ஆறிய பிறகும் சண்டை தொடர்ந்தால் நம் உடலுக்கே கேடு என்பதால் இயற்கை வைத்திருக்கும் செய்திகள்தாம். வளரும் கட்டி அவற்றைத் தனக்குக் கேடயமாக்கிக்கொள்கிறது. கொல்லும் டி-செல்கள் பக்கத்திலேயே இருந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன.

இன்னொரு பக்கம் இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிச் செய்திகள் ஓயாமல் சுரக்கின்றன. சில நாள் சுரந்தால் உடலைக் காக்கும் செய்தி அது. ஓயாமல் சுரந்தால், மாறிய செல்களைப் 'பிழைத்திரு, பெருகு' என்று தூண்டுகிறது. கட்டிக்கு உணவு கொண்டுவரும் புதிய இரத்தக் குழாய்கள் வளரவும் துணைபோகிறது. உடலைக் காக்க உண்டான செய்திகளே நோய்க்கு உரமாகின்றன.

இந்தச் செய்தித் தொடர்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று. எச்.ஐ.வி. தொற்று டி-உதவி செல்களை அழிக்கிறது. அந்தத் தொற்றுள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. நோய்த்தடைகாப்பு நல்ல நிலையில் உள்ள பெண்ணுக்குத் தொற்றிலிருந்து புற்றுநோய்வரை 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. அது பலவீனமாக இருந்தால் 5 முதல் 10 ஆண்டுகள் போதும்.

இங்கே ஒரு வேண்டுகோள். 'எதிர்ப்புச் சக்தி கூடும்' என்று பொடியும் மாத்திரையும் விற்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி என்பது கண்மாய்த் தண்ணீர் போல அளவைக் கூட்டும் பொருள் இல்லை. எந்தச் செய்தி, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் என்பதில் இருக்கிறது அதன் வலிமை. எந்தப் பொடியும் இந்த வைரஸ் கட்டிய வாயை அவிழ்த்துவிடாது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைப்பது நல்லது.

தடுப்பூசி என்ன செய்கிறது?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "எம்புள்ள நல்லாத்தான டீச்சர் இருக்கா? நோயே இல்லாத புள்ளைக்கு எதுக்கு ஊசி?" நல்ல கேள்வி. மேலே சொன்னதெல்லாம் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

இயற்கையாகத் தொற்று வந்தால், வைரஸ் காவல் செல்களின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்வதால், எதிர்ப்பொருள் குறைவாகவே உருவாகிறது. சிலருக்கு உருவாவதே இல்லை. தடுப்பூசியில் இருப்பது வைரஸின் மேலுறைப் புரதம் மட்டும். அந்தப் புரதங்கள் தாமாகச் சேர்ந்து, உள்ளே ஒன்றும் இல்லாத வைரஸ் கூடு போல ஆகின்றன. 1991இல் ஆஸ்திரேலியாவில் இயன் ஃப்ரேசரும் சீனாவிலிருந்து வந்த ஜியான் சோவும் இந்த வழியைக் கண்டார்கள். மரபுப் பொருள் உள்ளே இல்லாததால் அது தொற்றவும் முடியாது, புற்றுநோய் தரவும் முடியாது. அதைக் கைத் தசையில் போடும்போது, ஒளிந்தே பழகிய வைரஸின் முகம் நடுத் தெருவில் நிறுத்தப்பட்டது போலாகிறது. காவல் செல்கள் பார்க்கின்றன, செய்திகள் பறக்கின்றன, இயற்கைத் தொற்றில் உருவாவதைவிடப் பல மடங்கு எதிர்ப்பொருள் உருவாகிறது. ஊசி போட்ட கை ஒருநாள் வலிப்பதும் லேசாகச் சுடுவதும் அந்தச் செய்திகளின் சத்தம்தான்.

வைரஸ் ஒருமுறை செல்லுக்குள் போய்விட்டால் தடுப்பூசி அதை வெளியேற்றாது. எனவேதான் தொற்றுக்கு வாய்ப்பே வராத வயதில் போடுகிறார்கள். தமிழ்நாடு அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில், 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்தத் தடுப்பூசியைப் படிப்படியாகப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 14 வயது என்றால் நம் ஒன்பதாம் வகுப்பு. எங்கே ஊசி போட்டாலும் கேள்வி நம்மிடம்தான் வரும்.

ஒரு தவணை போதுமா என்று கேட்பார்கள். அதற்கான சான்றில் நம் நாட்டுப் பிள்ளைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 2009இல் இந்தியாவின் பல இடங்களில், திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை உட்பட, 10 முதல் 18 வயதுப் பெண்களுக்கு இரண்டு தவணையா மூன்று தவணையா என்று ஒப்பிடும் ஆய்வு தொடங்கியது. 2010 ஏப்ரலில் அரசு இத்தகைய ஆய்வுகளை நிறுத்தியது. அதனால் பல பெண்களுக்கு ஒரு தவணையோடு நின்றுபோனது. ஆய்வாளர்கள் அவர்களையும் விடாமல் பத்தாண்டு கவனித்தார்கள். 16, 18 வகைகளின் நிலைத்த தொற்றைத் தடுப்பதில் ஒரு தவணை ஏறத்தாழ 95 விழுக்காடு பயன் தந்தது. 2021இல் வெளியான இந்த முடிவும் பிற நாட்டு ஆய்வுகளும் சேர்ந்து, ஒரு தவணையும் போதும் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் சொல்ல வழிவகுத்தன. அதே ஆண்டில் புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த 'செர்வாவாக்' தடுப்பூசிக்கும் அனுமதி கிடைத்தது.

கையெழுத்து யாருடையது?

2010இல் ஏன் நிறுத்தினார்கள் என்பதையும் ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும். அப்போது ஆந்திராவிலும் குஜராத்திலும் இதே தடுப்பூசியைச் செயல்முறைத் திட்டமாகப் போட்டார்கள். அங்கே ஊசி போட்ட சிறுமிகளில் ஏழு பேர் பின்னர் இறந்தார்கள். விசாரணையில் அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணம் இல்லை என்று தெரிந்தது. ஆனால் வேறொரு குறை வெளியே வந்தது. ஆந்திராவில் பல சிறுமிகளின் ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

பயனுள்ள ஒரு தடுப்பூசி, நம் நாட்டில் பத்தாண்டுக்கு மேல் பின்தங்கிப்போனதில் அந்தக் கையெழுத்துகளுக்கும் பங்கு உண்டு. அம்மா அப்பாவைக் கேட்காமல் எடுத்த முடிவு, ஊசி நல்லதாக இருந்தாலும், நம்பிக்கையைக் கெடுத்துவிடும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்திகளால் பெற்றோர் பள்ளி வாசலில் வந்து நின்றது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். உத்தரவைக் காட்டிச் சமாளித்த இடங்களில் சந்தேகம் கூடியது. உட்காரவைத்துப் பேசிய இடங்களில் குறைந்தது.

ஆகவே படிவத்தை வீட்டுக்கு அனுப்பும் முன் பெற்றோரைக் கூட்டிப் பேசுவோம். அவர்கள் கேட்கக்கூடிய மூன்று கேள்விகளையும் பதில்களையும் சொல்கிறேன்.

'பிள்ளைப்பேறு பாதிக்குமா?' பாதிக்காது. இந்தத் தடுப்பூசி 2006 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. ஆஸ்திரேலியா 2007 முதலும் ருவாண்டா 2011 முதலும் பள்ளிகள் வழியாகவே போட்டுவருகின்றன. கோடிக்கணக்கானவர்களுக்குப் போட்டும் அப்படி ஒரு விளைவு காணப்படவில்லை. மாறாக, கர்ப்பப்பை வாயில் நோய் வந்து அறுவை செய்ய நேர்ந்தால்தான் பிள்ளைப்பேற்றுக்கு ஆபத்து.

'உண்மையில் புற்றுநோய் குறைந்திருக்கிறதா?' ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்களிடம் ஒருவருக்குக்கூடக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் காணப்படவில்லை என்று 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

'பிள்ளைகள் மயங்கி விழுகிறார்களாமே?' வளரிளம் பருவத்தில் எந்த ஊசிக்கும் பயத்தால் சிலர் மயங்குவது உண்டு. ஒருவர் விழுந்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் தலை சுற்றும். பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உட்காரவைத்துப் போட்டு, 15 நிமிடமாவது அங்கேயே இருக்கவைக்க வேண்டும்.

அம்மாக்களுக்கு

தடுப்பூசி பிள்ளைகளுக்கு. 30 வயது கடந்த அம்மாக்களுக்குப் பரிசோதனை. தொற்றுக்கும் புற்றுநோய்க்கும் இடையே 15 முதல் 20 ஆண்டுகள் என்று சொன்னேனே, அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு. உடல் குரல் கொடுக்காத அந்தக் காலத்தில் நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

பார்க்கும் முறை நம் ஆய்வகத்தில் செய்வது போன்றதுதான். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவினால், இயல்பு மாறிய இடம் ஒரு நிமிடத்தில் வெள்ளையாகத் தெரியும். அயோடின் கரைசலைத் தடவினால், கிளைக்கோஜன் நிறைந்த இயல்பான செல்கள் கரும்பழுப்பாகும். மாறிய செல்களில் கிளைக்கோஜன் குறைவு என்பதால் அந்த இடம் மஞ்சளாகவே நிற்கும். மாவுப்பொருளுக்கு அயோடின் சோதனை நடத்தும் நாளில் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இந்த எளிய முறை உயிரைக் காக்குமா என்பதற்கு விடை கிடைத்ததும் நம் தமிழ்நாட்டில்தான். 2000ஆம் ஆண்டு தொடங்கி, டாக்டர் ஆர். சங்கரநாராயணன் குழுவினர் அம்பிளிக்கை மருத்துவ மையத்தோடு சேர்ந்து திண்டுக்கல் மாவட்டத்தில் 114 பகுதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கல் முறையில் பாதி இடங்களில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒரே ஒருமுறை அசிட்டிக் அமிலச் சோதனை செய்தார்கள். 31 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் வந்தார்கள். முடிவு 2007இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. சோதனை நடந்த ஊர்களில் புதிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் வரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. சோதனைக்குச் செவிலியரின் கண்ணும் புளித்த அமிலமும் போதுமாக இருந்தன. அதே காலத்தில் தமிழ்நாடு சுகாதார அமைப்புத் திட்டம் தேனியிலும் தஞ்சாவூரிலும் இத்தகைய பரிசோதனையை முன்னோடியாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க விரித்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இது இலவசம்.

ஆனால் நம் பிள்ளைகளின் அம்மாக்கள் பட்டாசு ஆலைக்கும் நூற்பாலைக்கும் காலையிலேயே வேன் ஏறுகிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள். மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். 'ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு ஒருநாள் கூலிய விடணும்?' என்று கேட்பதில் தவறில்லை. மாதவிடாய்க்கு இடையில் உதிரம், உறவுக்குப் பின் உதிரம், மாதவிடாய் நின்றபின் உதிரம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், விடாத அடிவயிற்று வலி ஆகியவை எல்லாம் வந்தபின் போனால், நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். அப்போது போகும் கூலி ஒருநாளோடு நிற்காது. ஒரு குடும்பத்தையே கடனில் தள்ளிவிடும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அரைநாள் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியரைப் பத்து நிமிடம் பேச அழைப்போம். ஆண்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேச வேண்டும் என்பதில்லை. கணவன்மாரும் கேட்கட்டும். இங்கே இருக்கும் ஆசிரியைகளிடம் நேராகவே கேட்கிறேன்: நம்மில் எத்தனை பேர் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறோம்? நான் செய்துகொண்டவள். ஐந்து நிமிடம்தான். கொஞ்சம் கூச்சம், வலி என்று சொல்ல ஒன்றும் இல்லை. தான் செய்துகொண்ட ஒருத்தி சொன்னால் அம்மாக்கள் கேட்கிறார்கள்.

வகுப்பறையில்

செய்தி மூலக்கூறு என்பதை எட்டாம் வகுப்புக்கே விளையாட்டாகப் புரியவைக்கலாம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, 'திருடன் வந்தான்' என்று காதோடு காதாகக் கடத்தச் சொல்லுங்கள். கடைசிப் பிள்ளை மணியடிக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் நடுவில் ஒரு பிள்ளையை மட்டும் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். மணி அடிக்காது. அதுதான் வைரஸ் செய்யும் முதல் வேலை. மூன்றாம் சுற்றில் ஒரு பிள்ளை செய்தியை 'எல்லாரும் தூங்குங்கள்' என்று மாற்றிவிடட்டும். அதுதான் இன்டர்லூகின்-10 கூடும் கட்டம். பிறகு பாடநூலைத் திறந்தால் பெயர்கள் தானாக மனத்தில் நிற்கும்.

நாம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் இன்னொரு வேலையும் இந்த நோயைத் தடுக்கிறது. சிறு வயதிலேயே பாலுறவு தொடங்குவதும் அடுத்தடுத்துப் பல பேறுகளும் இந்த நோய்க்கான ஆபத்தைக் கூட்டுகின்றன. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம், 1980களின் தொடக்கம் முதல் சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பேணிவருகிறது. அன்று சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். தடுப்பூசி வருவதற்கு முன்பே அது இறங்கத் தொடங்கிவிட்டது. பெண்கள் படித்ததும், திருமண வயது உயர்ந்ததும், பேறுகள் குறைந்ததும், சுகாதாரம் மேம்பட்டதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பத்தாம் வகுப்போடு நிற்கப்போன ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் பேசி, பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துவிடும் ஆசிரியர், தெரியாமலேயே ஒரு புற்றுநோய்த் தடுப்புப் பணியும் செய்கிறார்.

இன்று இங்கிருந்து போகும்போது ஒவ்வொருவரும் இரண்டு வேலைகளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்தப் பொருளுக்குப் பத்து நிமிடம். இரண்டு, நம் வீட்டில் 30 வயது கடந்த பெண் ஒருவருக்குப் பரிசோதனை. அது அம்மாவாக இருக்கலாம், அக்காவாக, மனைவியாக, நீங்களாகவே இருக்கலாம். உடம்பு நன்றாக இருக்கும்போதே போய்வர வேண்டும்.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.